தொடாத கையின் கையெழுத்து

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் போளூர்ப் பங்குமனைக்கு வந்தான். பழைய துண்டு ஒன்றில் சுற்றிய பொருளைக் கைக்குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்திருந்தான். பிரித்துக் காட்டினான். புதிய கிரிக்கெட் மட்டை. அதன் முகத்தில், நாடறிந்த ஆட்டக்காரர் ஒருவரின் கையெழுத்து கறுப்பு மையில் மின்னியது. கட்டட வேலைக்குச் செல்லும் அவன் தந்தை, கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி நாலாயிரம் ரூபாய் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. தேர்வில் நன்றாக எழுதியதற்குப் பரிசாம். "இதை மந்திரித்துக் கொடுங்கள், சாமி" என்றான்.

மந்திரிக்கக் கை உயர்த்தும் முன்பே, அதே தெருவைச் சேர்ந்த இன்னொரு சிறுவன் ஓடி வந்தான். அவன் கையிலும் ஒரு மட்டை, அதே ஆட்டக்காரர், அதே கையெழுத்து. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தேன். முதலெழுத்தின் வளைவும், நடுவில் மை சற்றே தேய்ந்த இடமும், முடிவில் இழுத்துவிட்ட வாலும் இம்மியும் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. ஒரே மனிதன் ஒரே நாளில் இருமுறை ஒப்பமிட்டாலும் இரண்டும் இப்படி ஒட்டி நிற்பதில்லை. இது பேனா எழுதியதன்று, அச்சு எழுதியது.

சிறுவனும் அதைக் கண்டுகொண்டான். அவன் அழவில்லை. தந்தையின் பணம் போயிற்றே என்றும் சொல்லவில்லை. மட்டையின்மேல் விரலை மெல்ல ஓட்டிவிட்டு, "அப்படியென்றால் அவர் இதைத் தொடவே இல்லையா, சாமி?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. ஏமாற்று வணிகரைச் சாடுவது எளிது. அதைக் காவல் துறையும் நுகர்வோர் மன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். நான் வழக்காட விரும்புவது வேறொன்றின்மேல். கையெழுத்து என்பது ஒரு சந்திப்பின் சான்று. சந்திப்பே நிகழாத இடத்தில் எழும் கையெழுத்து, அது உண்மையான மையில் எழுதப்பட்டிருந்தாலும், பாதிப் பொய்ச்சான்றுதான். விளையாட்டு வீரரையும் சிறுவரையும் பிரித்து வைத்துவிட்டு, அந்தப் பிரிவையே விலைக்கு விற்கும் ஒரு முறை நம் கண்முன் வளர்ந்து நிற்கிறது. அதை வளர்ப்பதில் நமக்கும் பங்குண்டு.

அன்று சேப்பாக்கத்தில்

1986 செப்டம்பர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் மோதிய அந்த டெஸ்ட் பந்தயத்தை மறந்த கிரிக்கெட் அன்பர் இருக்கமுடியாது. வெயிலின் கொடுமையில் வாந்தியெடுத்தவாறே ஆடி 210 ஓட்டங்கள் குவித்த டீன் ஜோன்ஸ், ஆட்டமிழந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 348 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347-இல் முடங்க, 1960-இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததற்குப்பின் டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாம் முறையாக ஒரு பந்தயம் சமனில் முடிந்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. காலாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில், பெரம்பூரிலிருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆரணி வழியாகச் செல்லும் பேருந்தில் சென்னைக்குப் போனேன். இரண்டாம் நாள் ஆட்டத்திற்குச் சித்தப்பா அழைத்துப் போனார். வண்ண வண்ணத் தாள்கள் கொண்ட சிறு ஆட்டோகிராப் நோட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். தேநீர் இடைவேளை முடிந்து, எல்லைக்கோட்டருகே மாற்று ஆட்டக்காரர் ஒருவர் வந்து நின்றார். பதினொருவரில் இடம் பெறாதவர். பெயர் சொன்னால் இன்று பலருக்கும் தெரியாது. சித்தப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போய்க் கேள், மரியாதையாகக் கேள்" என்றார்.

கம்பி வலையின் கீழ் இடைவெளியில் நோட்டைச் சுருட்டி நீட்டினேன். அவர் ஓவர் முடியும்வரை திரும்பவில்லை. முடிந்ததும் இரண்டு எட்டு நடந்து வந்து, குனிந்து, நோட்டை வாங்கினார். "எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "போளூர்" என்றேன். "எங்கே இருக்கிறது?" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஜவ்வாது மலைக்குக் கீழே" என்றேன். சிரித்தார். கையெழுத்திட்டார். மீண்டும் தம் இடத்திற்குப் போய்விட்டார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இராது.

அந்த நோட்டைப் பின்னாளில் கரையான் தின்றுவிட்டது. ஆனால், போளூர் எங்கே இருக்கிறது என்று ஒரு தேசிய அணி வீரர் என்னைக் கேட்டாரே, அந்தக் கேள்வியை எந்தக் கரையானும் தின்னவில்லை. அன்று எனக்குக் கிடைத்தது ஒரு தாள் அன்று. பொருட்படுத்தப்பட்டேன் என்ற உணர்வு. அதற்கு விலையும் இல்லை.

நோட்டின் இடத்தில் வேலி

இன்று நிலைமை என்ன? 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபின் சேப்பாக்கத்தில் கோடைத் திருவிழாவே நடக்கிறது. மஞ்சள் கடலில் பல்லாயிரம் பேர் அலைமோதுகிறார்கள். ஆட்டக்காரரின் முகம் பேருந்து நிலையத்திலும், பால் பாக்கெட்டிலும், சிமெண்டு விளம்பரத்திலும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் அந்த முகத்துக்குரிய மனிதரைச் சிறுவன் நெருங்கும் வழிதான் நாளுக்கு நாள் குறுகிவிட்டது. பேருந்து நேராக வாயிலுக்குள் நுழைகிறது. விடுதியின் பின்வாசல் வழியே வீரர் வெளியேறுகிறார். வெளியே நிற்பவனுக்குக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகமே தெரிகிறது.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை, நியாயமாகப் பேசவேண்டும். 2000-இல் சூதாட்டப் புயல் அடித்து, பெரிய பெயர்கள் பல சாய்ந்தன. அதே ஆண்டில் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் ஊழல் தடுப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. அதுமுதல் வீரர்கள் தங்கும் பகுதிக்குள் கைப்பேசிக்குத் தடை, அன்னியருக்கு அனுமதியில்லை. 2013-இல் ஐ.பி.எல்.-லேயே சூதாட்டக் குற்றச்சாட்டு வெடித்தபோது காவல் மேலும் இறுகியது. 2020-இல் பெருந்தொற்று வந்து, வீரர்களைக் கண்ணாடிக் குமிழிக்குள் வைத்ததுபோல் ஆக்கிற்று. யார் நண்பர், யார் தரகர் என்று தெரியாத உலகில் காவல் வேண்டியதுதான். மறுப்பாரில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிறுவனின் நோட்டுக்கு மூடிய கதவு, விளம்பரதாரரின் விருந்தினருக்குத் திறந்தே இருக்கிறது. பணம் படைத்தவர் வீரரோடு உணவருந்தலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்திட்ட மட்டையைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டலாம். அப்படியானால் அந்த வேலி சூதாட்டத் தரகரை மட்டுமே தடுக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையையும் தடுக்கிறது. தடுத்துவிட்டு, அவனுடைய ஏக்கத்தைச் சந்தையில் விற்கிறது. நாலாயிரம் ரூபாய் அச்சு மட்டை அந்தச் சந்தையின் கடைக்கோடிச் சரக்கு.

பேஸ்பால் பந்தில் அன்னை தெரசா

இந்த வணிகம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை அமெரிக்கர் நமக்கு முன்பே காட்டிவிட்டார்கள். அங்கே பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டைப் போல. ஆட்டம் தொடங்கும் முன்பே வாயில்களைத் திறந்துவிடுவதும், வீரர் பயிற்சி செய்யும்போது சிறுவர்கள் பந்தும் பேனாவுமாகக் கைப்பிடிச் சுவரோரம் காத்திருப்பதும், வீரர் சிலர் வந்து கையெழுத்திட்டுப் போவதும் அங்கு நெடுநாளைய வழக்கம். இலவசமாகத் தொடங்கிய அந்த அன்பு மெல்ல மெல்ல விலைபெற்றது. விலை வந்தது, போலியும் கூடவே வந்தது.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., 'ஆப்பரேஷன் புல்பென்' என்ற பெயரில் இந்தப் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பின்தொடர்ந்து, 1999-இல் பெரும் சோதனை நடத்தியது. 1948-லேயே மறைந்துவிட்ட பேப் ரூத்தின் கையெழுத்தைப் புத்தம் புதிதாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிக்கிய சரக்கில் என்ன இருந்தது தெரியுமா? அன்னை தெரசாவின் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்! கல்கத்தாத் தெருவோரத்தில் சாகக் கிடந்தவரைத் தூக்கிய அந்தக் கைகள், எந்த மைதானத்தில் எந்தப் பந்தில் ஒப்பமிட்டன? கேட்டவர் யாருமில்லை, வாங்கியவர் இருந்தார்கள். சந்திப்பு ஒரு பொருட்டாக இல்லாதபோது, எந்தப் பெயரை எந்தப் பொருளில் எழுதினால்தான் என்ன?

இதன் விளைவாக 2001-இல் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் ஒரு புதிய முறை கொண்டுவந்தது. வீரர் ஒப்பமிடும்போது சான்றாளர் ஒருவர் அருகே நின்று கண்ணால் காணவேண்டும். பிறகு அப்பொருளில் எண்ணிட்ட ஒளிரும் முத்திரை ஒட்டவேண்டும். முறை நல்லதே. ஆயினும் அதன் நகையுணர்வைப் பாருங்கள்! கம்பி வலையருகே நோட்டை நீட்டிய சிறுவனுக்கு எந்தச் சான்றாளர் வேண்டியிருந்தார்? தன் கண்ணே சாட்சி. தன் முன்னே குனிந்த அந்த முகமே முத்திரை.

விற்கக்கூடாதவை

"தொடவே இல்லையா?" என்று அச்சிறுவன் கேட்டதில் ஒரு பழைய ஏக்கம் இருக்கிறது. கத்தோலிக்கரான நமக்கு அது நன்கு விளங்கும். ஆண்டவருடைய ஆடையின் விளிம்பைத் தொட்டாலே போதும் என்று கூட்டத்தில் நெருக்கியடித்து வந்த பெண்ணை நாம் அறிவோம். பவுலின் உடலில் பட்ட துணிகளை நோயாளிகளிடம் கொண்டுபோன எபேசு மக்களையும் அறிவோம். புனிதரின் எலும்புத் துணுக்கையும் உடைத் துண்டையும் முத்தமிடும் நாம், பட்ட பொருள்மேல் பற்று வைப்பதைப் பேதைமை என்று எள்ளிவிட முடியாது. விளையாட்டு வீரர் புனிதர் அல்லர், ஒப்பிடவும் இல்லை. ஆனால் ஏக்கத்தின் வேர் ஒன்றே. அன்புக்குரியவரை நாம் கையால் தொடக்கூடிய ஒன்றில் தேடுகிறோம்.

அதனாலேயே திருச்சபை இந்த ஏக்கத்துக்கு வேலி போட்டது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1190-ஆம் சட்டம், புனிதப் பண்டங்களை விற்பதை முற்றிலும் விலக்குகிறது. ஏன்? விலை வைத்த மறுகணமே அன்பு சரக்காகும். சரக்கானால் போலி வரும். போலி வந்தால் எளியவரே ஏமாறுவார். இது நம் சொந்த வரலாறு தந்த பாடம். இடைக்காலத்தில் புனிதப் பண்டங்களின்பெயரால் நடந்த வணிகத்தால் பட்ட அவமானத்திற்குப்பின் கற்ற பாடம். அப்பாடத்தை மைதானத்துக்கும் சொல்ல நமக்கு உரிமையுண்டு.

"சாமி, காந்தியடிகளே கையெழுத்துக்குப் பணம் வாங்கினாரே!" என்று ஒருவர் மடக்கலாம். ஆம், வாங்கினார், கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் என்று வைத்து, அரிசன நிதியில் சேர்த்தார். ஆகவே பணம் தானாகவே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்டவர் அவர் முன்னே நின்றார். அவர் அதை எழுதினார். பணம் அவருடைய பைக்குள் போகவில்லை. சந்திப்பு, உண்மை, பிறர்நலம் என்ற மூன்றும் ஒன்றாய் இருந்தன. இன்றைய சந்தையில் இம்மூன்றில் எது இருக்கிறது?

"கேட்கும் கூட்டத்துக்கெல்லாம் எழுதினால் வீரர் எப்போது ஆடுவார்?" என்று இன்னொருவர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் டொனால்டு பிராட்மன் ஓய்வுபெற்ற பிறகும் பல பத்தாண்டுகள், உலகெங்கிலுமிருந்து வந்த கடிதங்களுக்குத் தம் கையாலேயே பதில் எழுதி, ஒப்பமிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். 2001-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார். எல்லாரும் அவரைப்போல் செய்யவேண்டுமென்று கேட்கவில்லை. பிராட்மன் நாள்தோறும் மணிக்கணக்கில் செலவிட்டதைப் பந்தயத்துக்கு ஓர் அரைமணி நேரமாகச் சுருக்கித் தரக்கூடாதா என்றே கேட்கிறேன்.

நம்மேலும் குற்றம்

நிர்வாகத்தை மட்டும் குறைகூறிக் கைகழுவ இயலாது. கேட்கும் கலையை நாமும் மறந்துவிட்டோம். ஆட்டோகிராப் நோட்டின் இடத்தைக் கைப்பேசித் தற்படம் பிடித்துக்கொண்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்துக் கேட்பவன் வீரரின் முகத்தைப் பார்க்கிறான், பேர் சொல்கிறான், காத்திருக்கிறான், நன்றி சொல்கிறான். தற்படம் எடுப்பவனோ, யாரைக் காணத் தவித்தானோ அவருக்கே முதுகைக் காட்டி நின்று, திரையில் தன் முகத்தைப் பார்க்கிறான். படம் விழுந்ததும் ஓடிவிடுகிறான். முன்னது வேண்டுதல், பின்னது பறித்தல்.

கோயில் திருவிழாவில், விமான நிலையத்தில், ஏன், சாவு வீட்டில்கூட வீரரின் தோளை இழுத்துப் படம் எடுக்கும் பெரியவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வீரர் ஒளிந்துகொள்கிறார். கூட்டமாகத் திரண்டு, தனி மனிதராக நடந்துகொள்ள மறந்தால் என்ன நேரும் என்பதை 2025 ஜூன் 4-ஆம் நாள் பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயிலில் கண்டோம். வெற்றி விழாவைக் காண வந்த பதினொரு பேர் நெரிசலில் மாண்டார்கள். ஒழுங்கு செய்யவேண்டியவர் செய்யவில்லை என்பது ஒருபுறம். ஒரு வீரரைத் தூரத்திலாவது பார்த்துவிடவேண்டும் என்ற தவிப்பு உயிரைவிடப் பெரிதாய் வளர நாம் இடம் கொடுத்தது மறுபுறம்.

ஆனால் இதே சேப்பாக்கம் எதையும் பறிக்காமல் பெருமை செய்யவும் அறிந்த இடந்தான். 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்ட வேறுபாட்டில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. கண்ணீர் காயுமுன் சென்னை மக்கள் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அவ்வாழ்த்தை ஏற்றார்கள். அதுவும் ஒரு சந்திப்பு.

இன்னொன்று 2023 மே 14. சென்னை அணி அப்பருவத்தின் கடைசி உள்ளூர் லீக் ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் தோற்ற இரவு. வீரர்கள் அரங்கைச் சுற்றி வந்து இரசிகருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் ஓடிச்சென்று, தாம் அணிந்திருந்த சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை மகேந்திர சிங் தோனியிடம் காட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவர் யார்? சுனில் கவாஸ்கர்! 1983-இல் இதே மைதானத்தில், டான் பிராட்மனின் 29 சதங்கள் என்ற எல்லையைத் தாண்டித் தம் முப்பதாவது டெஸ்ட் சதத்தை அடித்தவர். வாழ்நாளெல்லாம் பிறருக்குக் கையெழுத்திட்டவர், தமக்கு இளையவர் முன்னே சிறுவனாக நின்றார். தோனி எழுதினார், இருவரும் தழுவிக்கொண்டார்கள். கேட்பதில் இழிவில்லை, மாண்பு உண்டு என்று கவாஸ்கர் நாட்டுக்கே பாடம் நடத்தினார். அந்தச் சட்டைக்கு எந்தச் சந்தை விலை வைக்கமுடியும்?

கவாஸ்கருக்குக் கிடைத்த அந்த அரை நிமிடம், அன்று அரங்கின் மேல்படியில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு சிற்றூர்ச் சிறுவனுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே என் வழக்கு.

என்ன செய்யலாம்?

கிரிக்கெட் சங்கங்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2019 மார்ச்சில் சென்னை அணியின் பயிற்சியைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் சேப்பாக்கத்தில் கூடினார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் முடிந்தது. ஆகவே முடியாதது ஒன்றுமில்லை. பருவத்துக்குச் சில பயிற்சி நாள்களில், அரைமணி நேரம், பதினைந்து வயதுக்குட்பட்டவருக்கு மட்டும், கைப்பேசி இன்றி, நோட்டும் பேனாவுமாக வேலியருகே நிற்க இடம் கொடுங்கள். கட்டணம் வேண்டா. தலைநகர்ப் பள்ளிகளோடு நிறுத்திவிடாமல் ஜமுனாமரத்தூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் நாலு பிள்ளைகளை அழையுங்கள். எல்லாரும் கையெழுத்திட வேண்டியதில்லை; நாளுக்கு இருவர் போதும். பதினொருவரில் இடம்பெறாத மாற்று ஆட்டக்காரராகவும் இருக்கட்டும். அவர் கையெழுத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பெற்றோருக்கு: கையெழுத்தை விலைக்கு வாங்கித் தராதீர்கள். அது மெய்யோ பொய்யோ, பிள்ளைக்கு அது கற்றுத் தருவது ஒன்றே: அன்பையும் காசு கொடுத்து வாங்கலாம் என்பது. அந்த நாலாயிரத்தில் ஒரு நல்ல மட்டையும், நாலு பந்தும், தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு வேளைச் சோறும் கிடைக்கும். கேட்கக் கற்றுக்கொடுங்கள். காத்திருக்கவும், பெயர் சொல்லவும், மறுத்தால் முகம் சுளிக்காமல் வணங்கி விலகவும் கற்றுக்கொடுங்கள்.

இளைஞருக்கு: எட்டாத முகத்துக்கு ஏங்குமுன், எட்டும் முகங்களைப் பாருங்கள். பொங்கலுக்கு நம் ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டியில் மூச்சடக்கிப் பாடிப்போகும் அண்ணனிடம் யாராவது நோட்டை நீட்டியதுண்டா? மலையிலிருந்து இறங்கி வந்து மாவட்டப் போட்டியில் ஓடும் தங்கையிடம், "எந்த ஊர்? எங்கே இருக்கிறது?" என்று கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். அந்தக் கையெழுத்து நடுங்கியபடிதான் விழும். ஆனால் அதைப் போலியாக அச்சடிக்க எவரும் வரமாட்டார்.

அன்று அந்த மட்டையை நான் மந்திரித்தேனா என்று கேட்பீர்கள். சிறுவனுடைய கையிலிருந்த மட்டையை மந்திரித்தேன். அதன்மேல் இருந்த அச்சையன்று. அவன் வீட்டுக்குப் போய் உப்புத்தாளால் அந்த மையைத் தேய்த்து அழித்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். இப்போது அம்மட்டையால் தெருவில் நாள்தோறும் ஆடுகிறான். ஒரு நாள் அவன் சேப்பாக்கம் வேலியருகே நிற்கும்போது, யாராவது ஒருவர் குனிந்து, போளூர் எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்கவேண்டும். அதற்கு இடம் செய்து கொடுக்கவேண்டிய பொறுப்பு, அன்பர்களே, பெரியவர்களாகிய நம்முடையது.